கர்நாடக சங்கீதம் கத்துக்கிற பொண்ணு ஜிசிஎஸ்இ மியூசிக் எடுக்கலாமா?

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். லண்டன்ல இருக்கிற ஒரு அம்மா கேட்டிருக்காங்க: பொண்ணு இயர் 9 (13-14 வயசு வகுப்பு), சின்ன வயசுலேர்ந்து கர்நாடக வாய்ப்பாட்டு கத்துக்கிறா, வர்ணமெல்லாம் முடிச்சு கிருதி பாடிட்டிருக்கா, ஸ்கூல்ல ஆப்ஷன் ஃபார்ம் குடுத்துட்டாங்க, ஜிசிஎஸ்இக்கு, அதாவது இயர் 11 கடைசியில 16 வயசுல எழுதற பரீட்சைக்கு, மியூசிக் எடுக்கட்டுமா? "அதான் பாட்டு தெரியுமே, கண்ணை மூடிக்கிட்டு 9, இருக்கறதுலயே பெரிய கிரேடு, வாங்கிடுவா"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, "மெடிசின் போறவளுக்கு மியூசிக் எதுக்கு"ன்னு வீட்டுக்காரர் சொல்றாரு, யார் சொல்றது சரி?

ரெண்டு பேர் சொல்றதும் சரியில்லீங்க. நான் இங்க செகண்டரி ஸ்கூல்ல மியூசிக் எடுக்கிறவன், சனி ஞாயிறுல மிருதங்கம் சொல்லிக் குடுக்கிறவன், அதனால ரெண்டு பக்கமும் என்ன நடக்குதுன்னு எனக்கு தெரியும். நம்ம பிள்ளைங்க இந்த சப்ஜெக்ட்ல எங்க பறக்கறாங்க எங்க மாட்டிக்கறாங்கன்னு பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கணக்கு இருக்கு: நூத்துல 30 மார்க் உங்க பொண்ணு கையில கிட்டத்தட்ட இருக்கு. மீதி 70 மார்க் அவளோட பாட்டு மிஸ் இதுவரைக்கும் சொல்லிக் குடுத்திருக்க வாய்ப்பே இல்லாத விஷயம். அந்த 70ஐ அவ ஆசையா கத்துக்குவாளா இல்லையா, அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.

இங்கிலாந்துல இப்ப நடக்கிற ஜிசிஎஸ்இ மியூசிக் 2016ல ஆரம்பிச்ச பாடத்திட்டம், 2018ல முதல் பரீட்சை. ஏக்யூஏ, எட்எக்செல், ஓசிஆர், எடுகாஸ்னு பரீட்சை நடத்தற நாலு போர்டு இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான், பெர்ஃபார்மிங் 30 சதவீதம், கம்போசிங் 30 சதவீதம், அப்ரெய்சிங்னு சொல்ற கேட்டு எழுதற பரீட்சை 40 சதவீதம். எந்த போர்டுன்னு ஸ்கூல்தான் முடிவு பண்ணும், நாம தேர்ந்தெடுக்க முடியாது. ஆனா எந்த போர்டுன்னு தெரிஞ்சு வச்சுக்கறது முக்கியம், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல்ல பெர்ஃபார்மிங். நிறைய பேரன்ட்ஸ் பயப்படறது, "பியானோ, வயலின் மாதிரி வெஸ்டர்ன் இன்ஸ்ட்ருமென்ட் வாசிச்சாத்தான் ஒத்துக்குவாங்களோ, கிரேடு 5 இருக்கணுமோ"ன்னு. அப்படி எதுவும் கிடையாது. எந்த வாத்தியம் வேணா, எந்த பாணி வேணா, வாய்ப்பாட்டும் சரி, வீணையும் சரி, மிருதங்கமும் சரி. ஒரு சோலோ (தனியா பண்றது), ஒரு என்செம்பிள் (மத்தவங்களோட சேர்ந்து பண்றது), ரெண்டும் சேர்த்து குறைஞ்சது 4 நிமிஷம், அதுல என்செம்பிள் குறைஞ்சது ஒரு நிமிஷம். இயர் 11ல ஸ்கூல்ல ரெக்கார்ட் பண்ணுவாங்க, டீச்சர் மார்க் போடுவாங்க, போர்டு சாம்பிள் வாங்கி சரி பார்க்கும். எட்எக்செல்ல ஸ்டாண்டர்டுன்னு வச்சிருக்கிற கஷ்டம், ஏபிஆர்எஸ்எம்னு மியூசிக் கிரேடு பரீட்சை நடத்தற அமைப்போட கிரேடு 4 அளவுதான், அதுக்கு மேல கஷ்டமான உருப்படி நல்லா பண்ணினா மார்க் தூக்கி விடும், அதுக்குக் கீழ ஈஸியானது பண்ணினா எவ்வளவு சுத்தமா பண்ணினாலும் ஒரு அளவுக்கு மேல ஏறாது. கிருதி பாடற பொண்ணுக்கு இந்த கஷ்ட லெவல் ஒரு பிரச்சனையே இல்ல.

ஆனா சும்மா போய் பாடிட்டு வந்துட முடியாது. மார்க் போடறவருக்கு எதை வச்சு அக்யூரசி பார்க்கறதுன்னு ஒரு ஆதாரம் வேணும். வெஸ்டர்ன் பிள்ளைங்க ஸ்கோர், அதாவது நோட் எழுதின தாள், குடுத்துடுவாங்க. நம்ம பிள்ளை என்ன குடுக்கும்? ஸ்வரக் குறிப்பை இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணி, ராகத்தோட ஆரோகணம் அவரோகணம், தாளம், எந்த இடத்துல சங்கதி மாறுது, எந்த இடம் மனோதர்மம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்து, கூடவே நல்ல வித்வான் பாடின ரெக்கார்டிங்கையும் ரெஃபரன்ஸா வைக்கலாமான்னு டீச்சர்கிட்ட பேசி வச்சுக்கணும். இதை இயர் 11 மார்ச்ல யோசிக்காதீங்க, இயர் 10லயே ஒரு தடவை பண்ணிப் பாருங்க. தோடி, சஹானான்னு கமகம் குழையற ராகத்தை எடுத்துட்டு போனா, கேட்டுப் பழக்கமில்லாத மாடரேட்டருக்கு (போர்டு சார்பா மார்க்கை சரி பார்க்கறவர்) ஸ்வரஸ்தானம் அசையறது பிட்ச் விலகற மாதிரி கேட்கும்ங்கற சந்தேகம் எனக்கு உண்டு. அதுக்காக நம்ம சங்கீதத்தை மழுப்பிப் பாடணும்னு சொல்லல. ஹம்சத்வனி, மோகனம் மாதிரி ஸ்வரம் பளிச்சுன்னு நிக்கிற ராகத்துல சங்கதி நிறைஞ்ச கிருதி எடுத்தா ரெண்டு பக்கமும் நியாயம் பண்ணின மாதிரி இருக்கும். பதினஞ்சு நிமிஷம் ஆலாபனை நிரவல் கல்பனாஸ்வரம்னு போனா கூடுதல் மார்க் கிடையாது. ரெண்டரை நிமிஷம் கச்சிதமா போதும்.

என்செம்பிள்தான் நம்ம பிள்ளைங்க வழுக்கி விழற இடம். நாம நினைக்கிறது, "கச்சேரியே என்செம்பிள்தானே, பாட்டு, வயலின், மிருதங்கம், முடிஞ்சுது". ஆனா போர்டு கேட்கிறது, ஒவ்வொருத்தரும் தனித்தனி பார்ட் ஒரே நேரத்துல பண்ணணும், பரீட்சை எழுதற பிள்ளையோட பார்ட்டை வேற யாரும் கூடவே அப்படியே வாசிக்கக் கூடாது. நம்ம வயலின் பக்கவாத்தியம் என்ன பண்ணும்? பாடறவரை நிழல் மாதிரி தொடர்ந்து அதையேதான் வாசிக்கும். நமக்கு அது அழகு, அவங்க ரூல்படி அது டபுளிங். இந்த ஒரு விஷயத்துல மார்க் போன கேஸ் எனக்குத் தெரியும், பாடினது என்னமோ பிரமாதமா இருந்துச்சு. அதனால வாய்ப்பாட்டும் மிருதங்கமும் மட்டும் வச்சு பண்ணலாம், இல்லன்னா வகுப்புல இருக்கிற கிடார் இல்ல பியானோ பிள்ளையோட சேர்ந்து பண்ணலாம். எதுவா இருந்தாலும் டீச்சரை விட்டு போர்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லுங்க, பதில் எழுத்துல வரட்டும்.

பியானோ பிள்ளையோட சேரும்போது ஒரு சின்ன விஷயம். உங்க பொண்ணு பெரும்பாலும் ஐந்தரைக் கட்டையில பாடுவா. ஐந்தரைன்னா ஜி ஷார்ப், பியானோல அதை ஏ ஃப்ளாட் மேஜர்னு நாலு ஃப்ளாட் போட்டு வாசிக்கணும், பதினஞ்சு வயசு பியானோ பிள்ளை மூஞ்சி சுளிக்கும், கிடார் பிள்ளை எந்திரிச்சே போயிடும். அரைக் கட்டை குறைச்சு ஐந்துல பாடச் சொல்லுங்க, ஜி மேஜர், ஒரே ஒரு ஷார்ப், எல்லாருக்கும் சந்தோஷம். என்ன பாடலாம்னு கேட்டா முத்துசுவாமி தீட்சிதரோட நோட்டுஸ்வர சாகித்யங்கள் பக்கம் ஒரு பார்வை பாருங்க. பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு சங்கராபரணத்துல சமஸ்கிருதத்துல எழுதினது, "காட் சேவ் த கிங்" மெட்டுக்கே ஒண்ணு இருக்கு, கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) தானா வந்து உட்காரும். ஒரே குறை, அது சின்ன உருப்படி, கஷ்டம் கம்மி, அதனால அப்படியே பாடினா மார்க் மேல ஏறாது, நடுவுல அவளே ஒரு கல்பனாஸ்வரம் சேர்த்தா கொஞ்சம் கனம் வரும்.

அடுத்தது கம்போசிங். ரெண்டு உருப்படி சொந்தமா பண்ணணும், சேர்த்து குறைஞ்சது 3 நிமிஷம். ஒண்ணு இஷ்டப்படி, இன்னொண்ணு இயர் 11 செப்டம்பர்ல போர்டு குடுக்கிற தலைப்புக்கு. சத்தியமா சொல்றேன், இந்த இடத்துல நல்லா பாடற பிள்ளைங்கதான் திணறுவாங்க. ஏன்னா நம்ம க்ளாஸ்ல சொல்லிக் குடுத்ததைத் திரும்பப் பாடறதுதான் வருஷக்கணக்கா பழக்கம், "நீயா ஒண்ணு போடு"ன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. மெட்டு வந்துடும், அதுல குறையே இல்ல, காதுல அவ்வளவு ராகம் ஊறியிருக்கு. ஆனா தம்புரா ஸ்ருதி மேல ஒத்தை லைன்ல மூணு நிமிஷம் போனா டெக்ஸ்சர் (எத்தனை லைன் எப்படி சேருது), ஹார்மனி (மெட்டுக்குக் கீழ வர்ற கார்டு), டெவலப்மென்ட் (மெட்டை வளர்க்கறது) இப்படி மார்க் இருக்கிற இடமெல்லாம் காலியா நிக்கும்.

கையில இருக்கிறதை எப்படி மாத்திக்கலாம்னு ஒரு உதாரணம். கீரவாணியை ஏ மைனர்ல வச்சுக்கிட்டு, அதாவது ஏ தான் ஷட்ஜமம், எட்டு பார்ல ஒரு மெட்டு. முதல் தடவை வெறும் புல்லாங்குழல். ரெண்டாவது தடவை அதே மெட்டு, கீழ செல்லோ எதிர்த் திசையில இறங்கிட்டு வருது. அப்புறம் சி மேஜருக்கு மாறி, மெட்டோட முதல் நாலு ஸ்வரத்தை மட்டும் எடுத்து பிடிச்சு பிடிச்சு வளர்க்கணும். நடுவுல மிஸ்ர சாபு, 3+4, அவங்க பாஷையில செவன் எய்ட். கடைசியில பழைய மெட்டு திரும்ப வருது, இப்ப எல்லா வாத்தியமும் சேர்ந்து. இதுல கீரவாணி அவங்களுக்கு ஹார்மோனிக் மைனர், மிஸ்ர சாபு அவங்களுக்கு கஷ்டமான மீட்டர், நமக்கு பச்சத் தண்ணி. ராகத்துக்கு கார்டு போட்டா ராகம் கெட்டுப் போகாதான்னு பாட்டு மிஸ் கோவிச்சுக்கலாம், இளையராஜா நாப்பது வருஷத்துக்கு மேல அதைத்தான் பண்ணிக் காட்டிட்டிருக்காரு, பொண்ணை அந்தப் பாட்டுல பேஸ் கிடார் என்ன பண்ணுதுன்னு மட்டும் கவனிக்கச் சொல்லுங்க, பாதி பாடம் அங்கேயே முடிஞ்சுது.

ஸ்டாஃப் நொடேஷன்ல எழுதணும்னு கட்டாயம் இல்ல, எழுதணும்னா நோட் எழுதற சாஃப்ட்வேர் மியூஸ்ஸ்கோர் ஃப்ரீயா கிடைக்குது, பேண்ட்லேப், கராஜ்பேண்ட்ல பண்ணி ரெக்கார்டிங்கோட விளக்கம் எழுதிக் குடுத்தும் பண்றாங்க. ஒண்ணு மட்டும் கறாரா சொல்லிடறேன், பாட்டு சாரோ அப்பாவோ போட்டுக் குடுத்த மெட்டை பிள்ளை பேர்ல குடுக்கற வேலை வேண்டாம். ஸ்கூல்ல டீச்சர் கண் முன்னாடி பண்ணினதுதான் கணக்கு, இது என் சொந்த வேலைன்னு பிள்ளை கையெழுத்து போடணும், மாட்டினா அந்த மார்க்கோட போகாது. வீட்டுல ஆசையா "இந்த இடத்துல ஒரு பிருகா போடு கண்ணா"ன்னு சொல்றதுகூட நான் விட்டுடச் சொல்வேன்.

இனி 40 சதவீதம், கேட்டு எழுதற பரீட்சை. எட்எக்செல்ல ஒண்ணே முக்கால் மணி நேரம் 80 மார்க், ஏக்யூஏல ஒண்ணரை மணி நேரம் 96 மார்க். சிடி ஓடும், இப்பல்லாம் ஆடியோ ஃபைல், ஓடிட்டிருக்கும்போதே எழுதணும். என்ன கீ, என்ன கேடன்ஸ் (வரி முடியற இடத்துல வர்ற கார்டு ஜோடி), எந்த வாத்தியம், டெக்ஸ்சர் என்ன, இந்த மாதிரி. 2016 எட்எக்செல் பாடத்திட்டத்துல எட்டு உருப்படி செட் ஒர்க்ஸ், அதாவது போர்டே குறிச்சுக் குடுத்தது, பாஹ், பீத்தோவன்லேர்ந்து குயீன் பேண்டு, ஸ்டார் வார்ஸ் படத்து டைட்டில் மியூசிக் வரைக்கும், ஒவ்வொண்ணையும் பார் பாரா பிரிச்சு மேயணும், கடைசியில ஒரு 12 மார்க் எஸ்ஸே, படிச்ச உருப்படியையும் கேட்டே இராத ஒண்ணையும் ஒப்பிட்டு எழுதணும். எடுகாஸ்ல ஆழமா படிக்கிற உருப்படி ரெண்டே ரெண்டுதான். ஓசிஆர்ல செட் ஒர்க்ஸே இல்ல, ஆனா உலக இசைன்னு ஒரு பகுதியில இந்திய சாஸ்திரிய சங்கீதமும் பாங்ராவும் வருது. எந்த போர்டுன்னு கேட்டு வச்சுக்கோங்கன்னு சொன்னது இதுக்குத்தான். ஓசிஆர் கிடைச்சா குஷியாயிடாதீங்க, அங்க வர்றது சிதார், தபலா, ஆலாப், தீன்தால் உலகம். கர்நாடகம் கத்துக்கிற பிள்ளை பதினாறு மாத்திரை தீன்தாலைக் கேட்டுட்டு ஆதி தாளம் மிருதங்கம்னு எழுதிட்டு வந்து அம்மாகிட்ட பெருமையா சொல்லும்.

இந்த பேப்பர்ல நம்ம பிள்ளைக்கு ஒரு பெரிய ப்ளஸ், ஒரு பெரிய ஓட்டை. ப்ளஸ் என்னன்னா டிக்டேஷன். ஒரு சின்ன ட்யூன் ஓடும், பேப்பர்ல ஸ்கோர் இருக்கும், நடுவுல சில நோட் காலியா விட்டிருப்பாங்க, அதை நிரப்பணும். வகுப்புல பாதி பேருக்கு இதுன்னாலே வயித்தைக் கலக்கும். உங்க பொண்ணு கேட்ட உடனே ப க ரி ஸன்னு மனசுல பாடிடுவா, அது கீதம் பாடின நாள்லேர்ந்து வந்த வித்தை. ஸ்கோர் ஜி மேஜர்ல இருந்தா ஜி தான் ஸ, அப்ப டி, பி, ஏ, ஜின்னு புள்ளி வச்சா முடிஞ்சுது. அவளுக்கு வேண்டியது கோட்டுல எந்த இடம் எந்த நோட்டுன்னு தெரியறது மட்டும்தான், அதை ஒரு சம்மர் லீவுல பழகிடலாம். ஸ்கேல் பேரும் அப்படித்தான், சங்கராபரணம் மேஜர், நடபைரவி நேச்சுரல் மைனர், கரஹரப்ரியா டோரியன், கல்யாணி லிடியன், ஹரிகாம்போஜி மிக்ஸோலிடியன், மோகனம் மேஜர் பென்டடானிக். ரிலேட்டிவ் மேஜர்னா என்னன்னு மத்த பிள்ளைங்க வாரக்கணக்கா குழம்புவாங்க, நடபைரவியோட காந்தாரத்தை ஷட்ஜமமா வச்சா சங்கராபரணம், கிரக பேதம் தெரிஞ்ச பிள்ளைக்கு ஒரு வரியில புரிஞ்சுடும்.

ஓட்டை ஹார்மனி. நம்ம காது மெட்டைத் துரத்தும், கீழ என்ன கார்டு மாறுதுன்னு பார்க்கவே பார்க்காது. பெர்ஃபெக்ட் கேடன்ஸா இம்பெர்ஃபெக்டா, ப்ளேகலா, இன்டரப்டடான்னு கேட்டா நல்லா பாடற பிள்ளை பேந்தப் பேந்த முழிக்கும். மாடுலேஷனும் அதே கதைதான், ஸ்ருதி கச்சேரி முழுக்க ஒரே இடத்துல நிக்கிற சங்கீதத்துலேர்ந்து வந்த பிள்ளைக்கு, நடு வழியில ஷட்ஜமமே இடம் மாறிடுச்சுன்னு உணர்றதுக்கு பழக்கம் வேணும். மருந்து ஒண்ணுதான், கீபோர்டு. பியானோ கிரேடு எல்லாம் வேண்டாம், சி மேஜர்லயும் ஜி மேஜர்லயும் ஒண்ணு, நாலு, அஞ்சு, ஆறாம் கார்டை இடது கையில பிடிச்சுக்கிட்டு வலது கையில தெரிஞ்ச மெட்டை வாசிக்கணும், தினம் பத்து நிமிஷம். இதை இயர் 9 லீவுலயே ஆரம்பிச்சா கம்போசிங், லிசனிங் ரெண்டுக்கும் சேர்த்து வேலை ஆகும். டைம் இருந்தா கிரேடு 5 தியரி புக்கை புரட்டலாம், பரீட்சை எழுதறது அவங்கவங்க இஷ்டம்.

வீட்டுக்காரர் கவலைக்கு வருவோம். மெடிசினுக்கு ஜிசிஎஸ்இல இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ் நல்ல கிரேடு பார்ப்பாங்க, அதெல்லாம் கட்டாய சப்ஜெக்ட், மியூசிக் எடுத்தாலும் எடுக்காட்டாலும் இருக்கத்தான் போகுது. மியூசிக் எடுத்ததுக்காக எந்த மெடிக்கல் ஸ்கூலும் கதவை சாத்தாது. ஸ்கூல்ல மியூசிக்கை கொஞ்சம் தள்ளிப் பேசினதுக்கு காரணம் வேற, 2010ல இபேக்னு ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க, அதுல இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ், ஒரு மொழி, ஹிஸ்டரி இல்ல ஜியாகரஃபி, இதுதான் கணக்கு, மியூசிக், ஆர்ட், டிராமா எல்லாம் வெளிய. ஸ்கூலோட ரேங்குக்காக அந்த பக்கம் தள்ளிவிட்டாங்க, மியூசிக் எடுக்கிற பிள்ளைங்க குறைஞ்சதுல அதுக்கு நல்ல பங்கு உண்டுங்கறது என் கட்சி. அந்த இபேக்கை எடுத்துடப் போறதா 2025 நவம்பர்ல அரசாங்கமே சொல்லிடுச்சு. அதனால "மியூசிக் எடுத்தா ப்ரொஃபைல் கெடும்"ங்கற பேச்சுக்கு நீங்க காது குடுக்க வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸா மியூசிக்கான்னு இருந்தா, அவளுக்கு எது பிடிக்குதுன்னு கேளுங்க, பிடிச்சதுலதான் கிரேடு வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பாட்டு அவளுக்கு உயிர்னாலும், பீத்தோவன் எட்டு நிமிஷம் திரும்பத் திரும்பக் கேட்டு பிரிச்சுப் பார்க்கறதுல அவளுக்குத் துளி ஆசையும் இல்ல, சொந்தமா மெட்டு போடறதும் அலர்ஜின்னா, விட்டுடுங்க. கர்நாடக சங்கீதத்தை அவ பாட்டுக்கு வெளிய படிக்கட்டும், வெஸ்ட் கென்சிங்டன் பாரதிய வித்யா பவன் மாதிரி இடமெல்லாம் அதுக்குத்தானே இருக்கு. ஜிசிஎஸ்இ மியூசிக் எடுக்கலன்னா சங்கீதத்தையே விட்டுட்ட மாதிரி சில பேரன்ட்ஸ் ஃபீல் பண்றாங்க, அது வேற இது வேற.

சில ஸ்கூல்ல ஆள் சேரலன்னா வகுப்பே நடத்த மாட்டாங்க, இல்ல சாயந்திரம் ஸ்கூல் முடிஞ்சப்புறம் வச்சுடுவாங்க, அப்ப உங்க பாட்டு க்ளாஸ் டைமோட இடிக்கும். சில இடத்துல ஜிசிஎஸ்இக்கு பதிலா பீடெக் டெக் அவார்டுன்னு ஒண்ணு நடத்துவாங்க, அதுல ப்ரொடக்ஷன், மியூசிக் இண்டஸ்ட்ரி பக்கம் சாய்மானம் அதிகம், மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா பின்னாடி ஏ லெவல் மியூசிக் யோசனை இருந்தா ஜிசிஎஸ்இ தான் நேர் வழி. ஸ்டேட் ஸ்கூல்னா பாடத்துக்கு ஃபீஸ் கிடையாது, வாத்தியம் தனியா கத்துக்கிற அரை மணி நேர லெசனுக்குத்தான் காசு வாங்குவாங்க, உங்க பொண்ணுக்கு வெளிய க்ளாஸ் இருக்கறதால அது வேண்டியதில்ல, அப்படி எடுக்கறதா இருந்தா கீபோர்டுக்கு எடுங்க.

ஃபார்ம் குடுக்கறதுக்கு முன்னாடி மியூசிக் டிபார்ட்மென்டுக்கு ஒரு மெயில் போடுங்க. எந்த போர்டு, போன வருஷம் வகுப்புல எத்தனை பேர், கர்நாடக வாய்ப்பாட்டு பாடின பிள்ளை இதுக்கு முன்னாடி யாராவது உண்டா, ஆதாரமா என்ன குடுக்கணும், என்செம்பிளுக்கு வெளிய இருந்து மிருதங்கக்காரர் ஸ்கூலுக்கு வர விடுவாங்களா, இதைக் கேளுங்க. பொண்ணு பாடின ரெண்டு நிமிஷ ஆடியோவையும் கூட அட்டாச் பண்ணுங்க, நல்ல டீச்சரா இருந்தா அன்னைக்கே பதில் போட்டு அவளை வகுப்புக்கு இழுத்துப்பாங்க. பதிலே வரலைன்னாலோ, "அவ வெஸ்டர்ன் பாட்டு ஏதாவது பாடட்டுமே"ன்னு வந்தாலோ ஒரு தடவை நேர்ல போய் போர்டோட பாடத்திட்டத்துல எந்த பாணியும் பாடலாம்னு இருக்கிற பக்கத்தைக் காட்டிப் பேசுங்க. அதுக்கும் அசையலன்னா, ரெண்டு வருஷம் அந்த ஆள்கிட்டதான் படிக்கணும்ங்கறதை யோசிச்சு முடிவு பண்ணுங்க.